ஹெராக்ளிஸ் செய்ததைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். எழுத்தாளர் ஒருவரும் அவருடைய ஓவியத் தோழியும் சேர்ந்து, எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்காகக் கிரேக்க வீரர் கதைகளைத் தமிழில் படப்புத்தகமாகக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். ஹெராக்ளிஸில் தொடங்கி, இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். பன்னிரண்டு அரும்பணிகளை அவன் ஏன் செய்தான்? பித்துப் பிடித்த நிலையில் தன் சொந்தப் பிள்ளைகளைக் கொன்றதற்குப் பரிகாரமாக. "இதை எப்படி எழுதுவது, எப்படி வரைவது? பேசாமல் விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள்.

விட்டுவிடாதீர்கள். விட்டுப் பார்த்த புத்தகம் ஒன்றை நான் ஒரு சனிக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளுக்கு வாசித்திருக்கிறேன். அழகான தாள், அழகான படங்கள். "யூரிஸ்தியஸ் அரசன் கட்டளையிட்டான், ஹெராக்ளிஸ் புறப்பட்டான்" என்று தொடங்கியது. மூன்றாவது பணிக்குள் ஒரு பையன் கையைத் தூக்கினான். "இவன்தான் பலசாலி ஆச்சே, அந்த ராஜாவை ஒரு குத்து விட்டால் போதாதா? ஏன் அவன் சொல்வதையெல்லாம் கேட்கிறான்?" புத்தகத்தில் பதில் இல்லை. நானும் ஏதோ மழுப்பினேன். கதையின் அச்சாணியையே பிடுங்கிவிட்டு வண்டியைப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறோம் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதன் பிறகு நான் கைக்கொள்ளும் வழி இதுதான்: விவரத்தைக் குறைக்கலாம், விளைவைக் குறைக்கக் கூடாது. எப்படிக் கொன்றான், எதால் கொன்றான் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குத் தேவையில்லை. கொன்றான் என்பதும், அதன் பாரம் வாழ்நாள் முழுக்க அவனை அழுத்தியது என்பதும் தேவை. ஹெராக்ளிஸை எப்படிச் சொல்லலாம் என்று கடைசியில் வருகிறேன். அதற்குமுன் சில விஷயங்களைப் பேசிவிட வேண்டும்.

முதலில் அந்த 'வீரன்' என்ற சொல். கிரேக்கர்களுக்கு 'ஹீரோஸ்' என்றால் நல்லவன் என்று பொருள் கிடையாது. செத்த பிறகும் சக்தியுள்ளவன், கல்லறையில் படையல் பெறுபவன் என்று பொருள். ஏதென்ஸின் வீரன் தீசியஸின் எலும்புகள் என்று சொல்லப்பட்டவற்றைக் கி.மு. 475 வாக்கில் கைமோன் என்ற தளபதி ஸ்கைரோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்குக் கப்பலில் கொண்டுவந்தான். ஊரே திரண்டு வரவேற்றது என்று பழங்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். நடுகல்லுக்கு முன் நின்று வணங்கியவர்களின் வழிவந்த நமக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். நடுகல்லில் இருப்பவன் ஒழுக்கத்தில் எப்படிப்பட்டவன் என்று யாரும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆகவே 'கதாநாயகன்' என்று எழுதாதீர்கள். சினிமா வந்து உட்கார்ந்துகொள்ளும். 'வீரன்' போதும். அவன் தப்பு செய்வான் என்பதையும் முதல் பக்கத்திலேயே தெரியவிடுங்கள்.

உங்கள் சங்கடம் புதிதல்ல. 1808இல் எழுத்தாளர் சார்லஸ் லாம், ட்ராய் போர் முடிந்து கடலில் அலைந்து வீடு திரும்பும் ஒடிசியஸின் கதையைச் சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதினார். பதிப்பாளர் வில்லியம் காட்வின். அரசாங்கமே கூடாது என்று தத்துவம் எழுதிப் பெயர் வாங்கிய அந்த மனிதர், சிறுவர் புத்தகம் விற்க வந்ததும் பயந்துபோனார். கையெழுத்துப் பிரதியில் குமட்டும் இடங்களைக் குறித்து அனுப்பினார். லாம் ஒன்றே ஒன்றுக்கு இணங்கினார். ஒற்றைக்கண் அரக்கன் குடிபோதையில் வாந்தியெடுக்கும் இடத்தை நீக்கினார். மற்றதைத் தொட மறுத்துவிட்டார். அதிர்ச்சியே தராத புத்தகம் வேண்டுமென்றால் மனிதரைத் தின்னும் அரக்கர்கள் நிறைந்த கதையை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கவே கூடாது என்பது அவர் பதிலின் சாரம். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் ஓர் எழுத்தாளர் தன் பதிப்பாளருக்கு அனுப்பிய மிகச் சிறந்த கடிதம் அதுதான். வாந்தி போனதால் கதைக்கு நஷ்டமில்லை. ஆறு பேரைக் கடல் அரக்கி ஸ்கில்லா கவ்விக்கொண்டு போவது போயிருந்தால் நஷ்டம்.

அடுத்த தலைமுறையில் அமெரிக்காவில் நதானியேல் ஹாதார்ன் வேறு வழியில் போனார். அவரிடமிருந்து ஒரு நல்ல பாடமும் ஒரு கெட்ட பாடமும் கிடைக்கின்றன. தொட்டதெல்லாம் பொன்னாகும் மிடாஸ் அரசனின் கதையில் மகளும் பொன்சிலையாகிவிடுவாள் இல்லையா? ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் பழைய கவிதையில் அப்படி ஒரு மகளே கிடையாது. 1851இல் ஹாதார்ன் உண்டாக்கிய குழந்தை அவள். இன்று உலகமே அவளைப் பழங்கதை என்று நம்புகிறது. ஏன் ஒட்டிக்கொண்டாள்? மிடாஸின் பேராசைக்கு ஏற்கெனவே இருந்த விலையை அவள் இன்னும் கூட்டினாள். இரண்டாண்டு கழித்து, காளைத்தலை அரக்கன் மினோட்டாரைத் தீசியஸ் கொல்லும் கதையை எழுதியபோது அவர் கை நடுங்கிவிட்டது. அரக்கனின் சிக்கலறைக்குள் நூலால் தீசியஸுக்கு வழிகாட்டிய கிரீட் இளவரசி அரியாட்னியை அவன் நாக்ஸோஸ் தீவில் தூங்கும்போது விட்டுவிட்டுப் போனான் என்பது பழைய கதை. ஹாதார்னின் அரியாட்னியோ வயதான தந்தையைப் பிரிய மனமில்லாமல் கிரீட்டிலேயே தங்கிவிடுகிறாள். அவள் ஓடிப்போனாள் என்று சொல்பவர்களை எழுத்தாளரே நடுவில் வந்து திட்டவும் செய்கிறார்! வீரனின் கடனை எழுத்தாளர் தன் பையிலிருந்து அடைத்துவிட்டார். கதையில் புதிதாக எதையும் சேர்க்கலாம், கடனைத் தள்ளுபடி மட்டும் செய்யக் கூடாது.

இன்னொரு வசதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிரேக்கக் கதைகளுக்கு ஒரே மூலநூல் இல்லை. ஒரு பகுதி உறுத்துகிறது என்றால், வெட்டுமுன் அதற்கு இன்னொரு பழைய வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்தவரைக் கல்லாக்கும் மெதூசா நல்ல உதாரணம். அழகிய பெண்ணாக இருந்தவளைக் கடல்தெய்வம் பொசைடன், ஏதீனா தேவியின் கோயிலில் வன்புணர்ந்ததும், தண்டனை அவளுக்கே வந்ததும் ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதை. அவருக்குப் பல நூறு ஆண்டுகள் முந்திய கிரேக்கக் கவிஞர் ஹெசியோடிடம் இந்தத் தண்டனையே இல்லை. கடல்வழி வந்த மூன்று கோர்கன் சகோதரிகளில் சாவுள்ள ஒருத்தி அவள், அவ்வளவுதான். எட்டு வயதுக்கு ஹெசியோடின் வடிவத்தை எடுங்கள். நீங்கள் எதையும் மறைத்ததாக ஆகாது. ஓவிட்டின் கதையை எடுத்துக்கொண்டு, அதில் வன்முறையை மட்டும் உருவிவிட்டு, "கர்வத்தால் சபிக்கப்பட்டாள்" என்று எழுதுவதுதான் பொய். அதைத்தான் நிறையப் புத்தகங்கள் செய்கின்றன. மெதூசாவைக் கொன்ற பெர்சியஸின் தாய் டனாயியிடம், தெய்வங்களின் அரசன் ஸியூஸ் பொன்மழையாக வந்த கதைக்கு இந்தக் கவலையே வேண்டாம். வெண்கல அறைக்குள் கூரை வழியாகப் பொன்மழை பெய்தது, பிறகு பெர்சியஸ் பிறந்தான் என்றால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள்.

இனி படங்கள். உங்கள் தோழி இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன்களைப் பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதை மூடிவைத்துவிட்டுப் பானைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எலியூசிஸ் அருங்காட்சியகத்தில் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பெரிய மண்ஜாடி ஒன்று இருக்கிறது. உயரம் 1.42 மீட்டர், பத்து வயதுப் பிள்ளையின் உயரம். சுமார் அந்த வயதுச் சிறுவனை அடக்கம் செய்யத்தான் அதைப் பயன்படுத்தினார்கள். நம் முதுமக்கள் தாழி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கழுத்தில் ஒடிசியஸும் தோழர்களும் ஒற்றைக்கண்ணன் பொலிஃபீமஸின் கண்ணில் கழியைப் பாய்ச்சுகிறார்கள். ஒடிசியஸ் மட்டும் வெள்ளை நிறம். கூட்டத்தில் தலைவன் யார் என்று தேட வேண்டாம். கவனிக்க வேண்டியது அரக்கனின் கையை. கண் போய்க்கொண்டிருக்கிறது, கையிலோ இன்னும் மதுக்கிண்ணம்! கதைப்படி குடித்து முடித்து உறங்கிய பிறகுதான் கழி வருகிறது. ஓவியருக்கு அது தெரியாமலா? காரணத்தையும் விளைவையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துவிட்டார். எழுத்தாளர் "மது கொடுத்து மயக்கி..." என்று மூன்று வரி எழுத வேண்டிய வேலையை ஒரு கிண்ணம் முடித்துவிடுகிறது.

அதே ஜாடியின் வயிற்றுப்பக்கம் தலையிழந்த மெதூசாவும், பெர்சியஸைத் துரத்தும் அவள் சகோதரிகளும். அவர்கள் தலைகள் சமையல் அண்டாவைப் போல இருக்கின்றன. பயமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. பிள்ளைகளுக்கான பூதம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குடியிருக்க வேண்டும்.

சிரிப்பைப் பற்றிச் சொன்னதால் யூரிஸ்தியஸை மறக்க வேண்டாம். ஹெராக்ளிஸ் நரகத்து நாயான கெர்பெரோஸைக் கொண்டுவந்து நிறுத்தியதும், கட்டளையிட்ட அரசன் தாழிக்குள் இறங்கிக் கைகளை மேலே தூக்கிக்கொண்டு அலறுகிறான். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு குடத்தில் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. நாயின் தலைகள் வெவ்வேறு நிறம். வாத்திகனில் உள்ள, எக்ஸேகியாஸ் என்ற பானை ஓவியரின் ஜாடியில் அக்கிலிஸும் ஏஜாக்ஸும் ட்ராய் போருக்கு நடுவே காய் உருட்டி விளையாடுகிறார்கள். ஒருவன் வாயருகே 'நான்கு', மற்றவன் வாயருகே 'மூன்று' என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. 2,500 ஆண்டுகளுக்கு முந்திய பேச்சுக்குமிழ்! அக்கிலிஸ் ஜெயித்துக்கொண்டிருக்கிறான். முதலில் சாகப்போகிறவனும் அவன்தான். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்தக் குனிந்த முதுகுகள் வேறாகத் தெரியும்.

உடையிலும் கட்டடத்திலும் நான் கண்டிப்பானவன் இல்லை. ட்ராய் போரைப் பாடும் இலியட் காவியத்தில் பன்றித் தந்தங்களைக் கோத்துச் செய்த தலைக்கவசம் வருகிறது. குதிரைமயிர்க் குஞ்சம் வைத்ததும் வருகிறது. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு புத்தகம் முழுக்க அதையே வரையட்டும். வெள்ளை வெளேர் பளிங்குச் சிலைகளை மட்டும் தவிர்க்கலாம். அவை வர்ணம் பூசப்பட்டிருந்தவை.

தலைக்கவசம் என்றதும் நினைவுக்கு வருவது ட்ராய் இளவரசன் ஹெக்டர். நகர வாசலில் குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். தந்தையின் தலையில் ஆடும் குதிரைமயிரைப் பார்த்து மிரண்டு குழந்தை செவிலியின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. பெற்றோர் இருவரும் சிரித்துவிடுகிறார்கள். அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிறான். அது அங்கே மின்னிக்கொண்டு கிடக்கிறது. பிறகுதான் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறான். ட்ராய் போரிலிருந்து ஒரே ஒரு படம்தான் வரையலாம் என்றால், மரக்குதிரையை விட்டுவிட்டு இதை வரையச் சொல்வேன். இலியட்டில் மரக்குதிரை வருவதும் இல்லை.

புத்தக அமைப்பைப் பற்றி. படப்புத்தகம் பெரும்பாலும் இரண்டு ஃபாரம், அதாவது 32 பக்கம். தலைப்பு, உரிமைப் பக்கம் எல்லாம் போக, இரு பக்கமும் சேர்ந்து விரியும் படங்கள் பதினான்கு கிடைத்தால் பெரிது. பன்னிரண்டு பணிகளை அதற்குள் திணித்தால் பன்னிரண்டு நாள்காட்டிப் படங்கள்தான் வரும். நாலைந்தை விரித்துச் சொல்லி, மீதியை ஒரே பக்கத்தில் சின்னச் சின்னதாக ஓடவிடுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு கிண்ணம் இருக்கிறது. நடு வட்டத்தில் தீசியஸ் மினோட்டாரை வெளியே இழுத்து வருகிறான். சுற்றிலும் மோதிரம் போல அவனுடைய மற்ற சாகசங்கள் ஆறு. பக்க அமைப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நான் பட்ட ஒரு பாடமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய தீசியஸ் புத்தகத்தில் அரியாட்னியின் நூல் இடப்பக்க வாசலில் தொடங்கி வலப்பக்க இருட்டுவரை ஓடுவதாகப் படம். கணினித் திரையில் அற்புதமாக இருந்தது. பைண்டிங் முடிந்து வந்த புத்தகத்தைத் திறந்தால், நடுமடிப்பு ஒரு விரற்கடை அகலத்துக்கு நூலை விழுங்கியிருந்தது. வாசிக்கப்போன இடத்தில் ஒரு சிறுமி, "நூல் அறுந்துபோச்சு, இனிமேல் எப்படித் திரும்பி வருவான்?" என்று உண்மையாகவே கலங்கிவிட்டாள். முக்கியமான எதையும் மடிப்பில் வைக்காதீர்கள். வலப்பக்க ஓரத்தைப் பயன்படுத்துங்கள்; அங்கேதான் பிள்ளையின் விரல் காத்திருக்கும். பெர்சியஸ் கேடயத்தை உயர்த்துவது வலப்பக்கத்தில் முடியட்டும். புரட்டினால் மெதூசாவின் முகம் கேடயத்துக்குள் பிம்பமாக மட்டும். நேராக ஒரு தடவைகூடக் காட்டவே கூடாது. பார்த்தால் வாசகரும் கல்லாகிவிடுவாரே!

தமிழுக்கு வருவோம். ஒடிசியஸ் அரக்கனிடம் தன் பெயர் 'ஊட்டிஸ்' என்கிறான். 'யாருமில்லை' என்று பொருள். மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே தடுமாறுவார்கள். "யாருமில்லை என்னைக் கொல்கிறான்" என்றால் தமிழ் வாக்கியம் முறிகிறது, பிள்ளைகளும் விழிக்கிறார்கள். அக்கம்பக்கத்து அரக்கர்களைக் கேள்வி கேட்க வையுங்கள், சிக்கல் அவிழ்ந்துவிடும். "யாரப்பா உன்னை அடிப்பது?" என்று வெளியிலிருந்து கேட்கிறார்கள். உள்ளேயிருந்து ஒரே அலறல்: "யாருமில்லை!" "அப்படியென்றால் பேசாமல் தூங்கு" என்று அவர்கள் போய்விடுகிறார்கள். வாசித்துப் பாருங்கள், அறை அதிரும்.

ஆனால் கதையை அங்கே நிறுத்தாதீர்கள். கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் ஒடிசியஸுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உன் கண்ணைக் கெடுத்தது இத்தாக்காவின் ஒடிசியஸ்!" என்று தன் நிஜப்பெயரைக் கூவுகிறான். பெயர் தெரிந்ததால்தான் அரக்கன் தன் தந்தை பொசைடனிடம் சாபம் கேட்க முடிகிறது. அதனால்தான் அத்தனை வருடம் கடலில் அலைச்சல், தோழர்கள் அத்தனை பேரின் சாவு. ஆட்டுக்கிடாயின் வயிற்றில் தொங்கித் தப்புவதோடு முடிக்கும் புத்தகங்கள், புத்திசாலித்தனத்தின் கதையை மட்டும் சொல்லி, அதே ஆளின் வாய்க்கொழுப்பின் கதையை விட்டுவிடுகின்றன.

பெயர்களில் ஒரு பிடிவாதம் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஹெர்குலிஸ் என்றால் முதலில் சைக்கிள்தான். அது ரோமானியப் பெயர். கிரேக்கத்தில் ஹெராக்ளிஸ், 'ஹெராவின் புகழ்' என்று பொருள். ஹெரா ஸியூஸின் மனைவி. அவன் தொட்டிலில் பாம்பை விட்டதும் ஹெரா, பித்தை அனுப்பியதும் ஹெரா. தன்னை வாழ்நாளெல்லாம் துரத்தியவளின் பெயரைச் சுமந்து திரிந்தவன் என்ற இந்த விநோதம், ஹெர்குலிஸ் என்று எழுதினால் காணாமல் போய்விடும். இதே காரணத்தால் ஸியூஸை இந்திரன் ஆக்குவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. இடி, வஜ்ரம், பெண்பித்து எல்லாம் பொருந்தும்தான். இருந்தாலும் பிள்ளைக்குத் தெரிந்த இந்திரன் தன் பழைய மூட்டைகளோடு வந்துவிடுவான். ஒலிம்பஸ் மலை மறைந்துபோகும். புதுப்பெயரைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். டைனோசர் பெயர்களை ஒப்பிக்கும் வாய்க்குப் பொலிஃபீமஸ் எம்மாத்திரம்!

இப்போது ஹெராக்ளிஸ். எந்த வரிசையில் சொல்வது என்பதே உங்கள் கையில் இருக்கிறது. பழங்கதைகளைத் தொகுத்த அப்பொலோடோரஸின் வடிவத்தில் பித்து முதலில், பணிகள் பிறகு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் யூரிபிடிஸ் எழுதிய நாடகத்தில் தலைகீழ்: எல்லாப் பணிகளையும் முடித்து வீடு திரும்பியவனைத்தான் பித்து பிடிக்கிறது. உங்களுக்கு அப்பொலோடோரஸின் வரிசை ஏற்றது, பணிகளுக்குக் காரணம் வேண்டுமே. ஒரு காட்சியை மட்டும் யூரிபிடிஸிடமிருந்து கடன் வாங்குங்கள்.

அதில் பித்துத் தெளிந்த ஹெராக்ளிஸ் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் மேலாடையால் தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறான். கொலையை வரைய வேண்டியதில்லை. இந்த உருவத்தை வரையுங்கள். மலைபோன்ற முதுகு, முகம் தெரியாத துணிக்குவியல், பக்கத்தில் கீழே கிடக்கும் கதாயுதம். எழுத்து இவ்வளவு போதும்:

"ஹெரா அவன் கண்களுக்குள் ஒரு பித்தை அனுப்பினாள். எதிரிகள் என்று நினைத்து அவன் தாக்கினான். பித்து தெளிந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அவன் தாக்கியது அவனுடைய பிள்ளைகளை."

இந்த வரிகளில் நான் சமாதானமாக எதையும் சேர்க்கவில்லை. 'அவன் தப்பில்லை' என்றும் எழுதவில்லை, 'அவன் பாவி' என்றும் எழுதவில்லை. பிள்ளைகள் அதைப் பற்றிச் சண்டை போடுவார்கள், போடட்டும். யூரிபிடிஸிடம் தீசியஸ் வந்து, தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று ஹெராக்ளிஸ் தடுத்தும் கேளாமல், மூடிய துணியை விலக்கிக் கையை நீட்டுகிறான். உங்கள் புத்தகத்தில் அந்தக் காட்சியைக் கடைசிக்கு வையுங்கள். வரிசை குழம்புகிறதே என்றால், வருகிறவன் பெயரைச் சொல்லாமல் 'நண்பன் ஒருவன்' என்று விட்டுவிடலாம்.

நடுவிலே பணிகளுக்கு ஒலிம்பியாவின் ஸியூஸ் கோயில் சிற்பங்களைப் பாருங்கள். கி.மு. 456 வாக்கில் முடிந்த கோயில், பணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பலகைகள். முதல் பலகையில் சிங்கத்தைக் கொன்ற இளைஞன் மீசை முளைக்காத முகத்தோடு, செத்த சிங்கத்தின்மேல் காலை வைத்து, கன்னத்தில் கையை ஊன்றி நிற்கிறான். வெற்றிக் களிப்பே இல்லை. களைப்பு, இன்னும் பதினொன்று பாக்கி. பின்னால் வரும் பலகைகளில் அவனுக்குத் தாடி வந்துவிடுகிறது. வானத்தைத் தாங்கும் பலகையில் தோளில் மெத்தையை மடித்து வைத்து இரண்டு கைகளாலும் முக்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் ஏதீனா ஒரே கையால் லேசாக வானத்துக்கு முட்டுக்கொடுக்கிறாள். அது அவனுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. உங்கள் தோழி அந்தக் கையை ஒவ்வொரு படத்திலும் எங்காவது ஒரு மூலையில் ஒளித்து வைக்கட்டும். எழுத்தில் நீங்கள் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. இரண்டாம் வாசிப்பில் ஏதாவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும்.